இருபத்திரண்டாயிரத்து இருபத்தொன்று

மேபல் பார்த்துவிட்டாள் என்றால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. றெஜினோல்ட் மாஸ்டர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதை நம்பினார். இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டதே கண்டியில், சாதாரண தரப் பரீட்சைத் தாள் திருத்திய ஒரு மண்டபத்தில்தான். அவர் திருத்திய கணிதத் தாள்கள் அவள் மேசைக்குப் போகும். அவள் சரிபார்த்து மூலையில் பச்சைப் பென்சிலால் ‘மே.’ என்று போடுவாள். அந்த எழுத்து விழுந்த தாளைத் திருத்தியவர் மறுபடி புரட்டக்கூடாது என்பது அந்த மண்டபத்தின் ஒழுங்கு. மண்டபத்தை விட்டு வந்து, கட்டுகஸ்தோட்டையில் வீடு கட்டி, மகள் ஷிரோமியை வளர்த்து, இருவரும் ஓய்வும் பெற்றுவிட்டார்கள். ஒழுங்கு மட்டும் அப்படியே இருந்தது. கணக்கைச் செய்பவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். பார்த்தவருடைய கொப்பியைச் செய்தவர் திறப்பதில்லை, கடைசி வரியை மட்டும் வாசிப்பார். திறந்தால் நம்பவில்லை என்று அர்த்தம்.

ஓய்வு பெற்ற மறுமாதம் மாஸ்டர் ஒரு எண்ணைத் தேடத் தொடங்கினார்.

சில எண்களுக்கு ஒரு அழகு உண்டு. ஆறை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மீதியில்லாமல் வகுக்கும், அதைவிடச் சிறிய எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் கூட்டினால் அதே ஆறு. இருபத்தெட்டும் அப்படித்தான். இவற்றை நிறைவெண் என்பார்கள். கூட்டுத்தொகை குறைந்தால் குறைவெண், கூடினால் மிகையெண். இன்றுவரை அகப்பட்ட நிறைவெண்கள் எல்லாம் இரட்டை எண்கள். ஒற்றை எண்ணில் ஒரு நிறைவெண் உண்டா என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகத் தேடுகிறார்கள். அகப்பட்டதுமில்லை, இல்லையென்று நிறுவியவருமில்லை.

“அகப்படாததைத் தேடுறதுக்கு நீங்க ஏன் பென்ஷன் எடுக்கணும்? வேலையில இருந்துகிட்டே தேடியிருக்கலாமே,” என்று மேபல் அப்போது சிரித்தாள். சிரித்துவிட்டு ஒரு புதுக் கொப்பியை அவரிடம் நீட்டினாள்.

ஒன்பது வருஷம் போயிற்று. போன ஆனி மாத மழையில் ஒரு காலை, மாஸ்டர் மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகியவற்றின் வர்க்கங்களைப் பெருக்கி வைத்துக்கொண்டு, இதோடு இன்னும் ஒரே ஒரு முதன்மை எண்ணைச் சேர்த்துப் பெருக்கினால் நிறைவெண் ஆகுமா, ஆகுமென்றால் அது எந்த எண் என்று கணக்குப் பார்த்தார். 18,035,199 ஐ 819 ஆல் வகுக்க வேண்டியிருந்தது. இப்படி வகுக்கும்போதெல்லாம் ஏதாவது மீதி நின்று முகத்தில் கதவைச் சாத்தும். அவருக்கு அது பழகிப்போயிருந்தது. அன்று மீதி நிற்கவில்லை. 22021 என்று துல்லியமாக விழுந்தது.

எல்லாவற்றையும் பெருக்கினால் 198,585,576,189. ஒற்றை எண். கூட்டுத்தொகை சரியாகப் பொருந்தியது. மூன்று முறை பெருக்கிப் பார்த்தார், மூன்று முறையும் பொருந்தியது. எஞ்சியது ஒரே கேள்விதான்: 22021 முதன்மை எண்ணா? வேறெந்த எண்ணாலும் வகுபடாத எண்ணா? அதை அறிய இரண்டு தொடக்கம் 139 வரையுள்ள முப்பத்துநான்கு முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு நல்ல மாணவனுக்கு ஒரு பின்னேர வேலை. மேசையில் கிடந்த கைப்பேசிக்கு ஐந்து நிமிஷம்.

மாஸ்டர் கைப்பேசியைத் தொடவில்லை. கணக்கையும் ஒரு வெற்றுக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய் மேபலிடம் கொடுத்தார்.

ஏன் கொடுத்தார் என்பதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை, நாம் சொல்லிவிடலாம். ஒரு வருஷமாக மேபல் சரியாக இல்லை. ஒரே நாளில் இரண்டு தடவை போஞ்சிக் கறி வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் கோவிலுக்குப் போன் பண்ணி, ஏன் ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கவில்லை என்று சாமியாரைக் கண்டித்தாள். ஒரு நாள் பாலத்தடி பஸ் தரிப்பிடத்தில் உச்சி வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். எதிரே ஓட்டோ நிறுத்தும் நிஸாம் பார்த்துவிட்டு வண்டியைக் கொண்டுவந்து, “டீச்சர், நான் அந்தப் பக்கம் சும்மாதான் போறேன், ஏறுங்க,” என்று வீட்டில் இறக்கிவிட்டான். மாஸ்டரிடமும் அதையே சொன்னான், “சும்மாதான் வந்தேன் சேர்.” இப்படிப்பட்டவர்களை ஆண்டவர் தெருமுனைகளில் நிறுத்தி வைத்திருக்கிறார், நாம்தான் கவனிப்பதில்லை.

நீர்கொழும்பில் கல்யாணம் கட்டிப் போயிருந்த ஷிரோமி வாரத்துக்கு இரண்டு தடவை போன் எடுத்துக் கெஞ்சினாள். “அப்பா, அம்மாவை ஞாபகக் கிளினிக்குக்குக் காட்டுவோம். சும்மா ஒரு தடவை.”

“எதுக்கு? வயசு போனா எல்லாருக்கும் வர்ற மறதிதான்.”

“எல்லாருக்கும் வர்றதுன்னா காட்டுறதில என்ன?”

காட்டினால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள் என்று மாஸ்டர் பயந்தார். பெயர் வைத்த பிறகு அது வீட்டை விட்டுப் போகாது.

மேபல் நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில், சன்னலோரக் கதிரையில், பென்சிலைச் சீவிச் சீவி எழுதினாள். மாஸ்டர் குசினியில் தேத்தண்ணி போடும் சாக்கில் தள்ளி நின்று பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, பழைய மேபல் அங்கே இருந்தாள். நான்காம் நாள் கொப்பியை மூடிக் கொடுத்தாள். அவர் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை மட்டும் வாசித்தார். ‘முதன்மை எண். மே.’

அன்று அவர்தான் மகளுக்குப் போன் எடுத்தார். “முப்பத்திநாலு பிரித்தல் கணக்கு, ஷிரோமி. கைக்கணக்கு. ஒங்கம்மா ஒண்ணொண்ணா செஞ்சு முடிச்சிட்டா. ஒன்னால முடியுமா? ஒன் டொக்டரால முடியுமா? இனிமே கிளினிக் கதை எடுக்காத.”

ஷிரோமி “சரிப்பா,” என்றாள்.

இப்படித்தான், உலகம் இரண்டாயிரம் வருஷமாகத் தேடிய ஒரு எண்ணின் மேல் றெஜினோல்ட் மாஸ்டர் தன் மனைவியின் அறிவைத் தூக்கி வைத்தார். எண் நின்றால் மேபலும் நிற்பாள்.

அவர் பேராதனைக்குக் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகத்தில் எண்கோட்பாடு படிப்பிக்கும் ஷஹ்மா என்ற விரிவுரையாளரிடமிருந்து மூன்றாம் வாரம் பதில் வந்தது. இரண்டு வரிதான். நேரில் சந்திக்க விரும்புவதாகவும், திங்கட்கிழமை பத்து மணிக்கு வர முடியுமா என்றும் கேட்டிருந்தார். மாஸ்டர் வெள்ளைச் சேட்டு போட்டு, மேபலின் கொப்பியையும் பையில் வைத்துக்கொண்டு, நிஸாமின் ஓட்டோவில் போனார்.

ஷஹ்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று வரவேற்றார்.

“இருங்க சேர். தேத்தண்ணி சொல்லிட்டேன். விளக்கமாப் பதில் எழுதாம இங்க கூப்பிட்டதுக்குக் குறை நினைக்காதீங்க.”

“குறை என்ன. வீட்டில சும்மா இருக்கிற ஆள்தானே.”

“ஒங்கட கடிதத்தைத் தொறந்து அந்த எண்ணைக் கண்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டுது சேர். இந்த எண்ணை எனக்கு முன்னமே தெரியும். கிட்டத்தட்ட நானூறு வருசத்துக்கு முந்தி ஒரு பிரெஞ்சுக்காரர் ஒரு கடிதத்தில எழுதி வச்சிருக்கிறார். ஒரு இலக்கம் பிசகாம இதே எண்.”

மாஸ்டர் முகம் மலர்ந்தது. “அப்ப நான் நானூறு வருஷம் லேட்டா? அதிபர்கிட்டயிருந்து கடிதம் கொண்டு வந்தாத்தான் வகுப்பில விடுவாங்க.”

ஷஹ்மா சிரிக்க முயன்றார். “அவர் கண்டுபிடிச்சேன் என்டு எழுதல்ல சேர். 22021 முதன்மை எண்ணா இருந்தா, இது ஒற்றை நிறைவெண் ஆகியிருக்கும் என்டுதான் எழுதினார். இருந்தா.”

“முதன்மை எண்தான். பார்த்தாச்சு.”

ஷஹ்மா ஒரு தாளை எடுத்து, பென்சிலால் ஒரு வரி எழுதி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். 19 × 1159. அதன் கீழே இன்னொரு வரி: 1159 = 19 × 61.

மாஸ்டர் தன் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்தார். அதே தாளில் தானே வகுத்தார். இருபத்திரண்டில் ஒரு தரம், மீதி மூன்று. முப்பதில் ஒரு தரம், மீதி பதினொன்று. நூற்றுப்பன்னிரண்டில் ஐந்து தரம், மீதி பதினேழு. நூற்றெழுபத்தொன்றில் ஒன்பது தரம். மீதி இல்லை. ஒன்பது வருஷமாக மீதி இல்லாத இடத்தைத் தேடியவருக்கு அது இங்கே கிடைத்தது.

“சேர், தேத்தண்ணியைக் குடிங்க,” என்றார் ஷஹ்மா மெதுவாக. “யாரு சரிபார்த்த?”

“நான்தான்.”

சொன்ன வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பையை இழுத்து மடிமேல் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

“பிழைக்கு வெக்கப்படாதீங்க. சும்மா ஆறுதலுக்குச் சொல்லல்ல. அந்தப் பிரெஞ்சுக்காரர் பெரிய மேதை. நீங்க தனியா ஒரு பென்சிலோட அவர் வந்த அதே இடத்துக்கு வந்திருக்கிறீங்க. ஒங்கட கடிதத்தை நான் மூணு தரம் வாசிச்சேன். எங்கயாவது என்ட கணக்குப் பிழையாப் போகாதா என்டு பார்த்தேன்.”

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அது அவருக்காகச் சொல்லப்படுவதாகத் தோன்றவில்லை. “அப்ப இது என்ன எண்?” என்று கேட்டார். “குறைவெண்ணா?”

“இல்ல சேர், மிகையெண். எண்ணை விட இருபத்தெட்டு பில்லியனுக்கு மேல கூட வருது.”

“பிள்ளை,” என்றார் மாஸ்டர், “பத்தொன்பதை ஒரு கணக்கு வாத்தியார் தவறவிட முடியுமா? தவறுதலா?”

ஷஹ்மா அவர் முகத்தையும் மூடியிருந்த பையையும் பார்த்தார். கேள்வி எண்ணைப் பற்றியதல்ல என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “வீட்டில யார் சேர் ஈக்கிற?” என்று கேட்டார்.

“மனைவி. அவவும் கணக்கு டீச்சர்தான்.”

“அவங்களுக்கு என்ட சலாத்தைச் சொல்லுங்க,” என்றார் ஷஹ்மா. அதற்கு மேல் கேட்கவில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. ஒரு குடையை எடுத்து, வகுப்புக்கு மணியாகிவிட்டது என்று ஒரு மாணவி வந்து நின்றதையும் பொருட்படுத்தாமல், மாஸ்டரை ஓட்டோ வரைக்கும் கூட்டி வந்து ஏற்றிவிட்டார். அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது.

ஓட்டோ கெட்டம்பையைத் தாண்டியபோது மாஸ்டர் பையைத் திறந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக மேபல் சரிபார்த்த கொப்பி ஒன்றின் உட்பக்கத்தைப் பார்த்தார்.

பக்கத்துக்கு ஒரு எண். இரண்டு, மூன்று, ஐந்து. சரி. ஏழு, மீதி ஆறு, சரி. பதினொன்று, மீதி பத்து. பதின்மூன்று, மீதி பன்னிரண்டு. பதினேழில் ஈவு 1295, மீதி ஆறு. அதுவும் சரி. கோடு போட்ட மாதிரி நேரான எழுத்து.

அடுத்த பக்கத்தில் பத்தொன்பது என்று தலைப்பு. கீழே ஈவு 1295, மீதி ஆறு.

இருபத்துமூன்று. ஈவு 1295, மீதி ஆறு.

இருபத்தொன்பது. ஈவு 1295, மீதி ஆறு.

அவர் புரட்டிக்கொண்டே போனார். தலைப்புகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. முதன்மை எண்கள் வரிசை பிசகாமல் 139 வரை இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் பதினேழின் கணக்கு, அதே படிகள், அதே இலக்கங்கள், அழித்துத் திருத்திய அடையாளம் ஒன்றில்லாமல், இருபத்தேழு தடவை பிரதிசெய்யப்பட்டிருந்தது. பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் எங்கோ வழி அற்றுப்போயிருக்கிறது. அதை யாரிடமும் சொல்ல முடியாமல், தெரிந்த ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப எழுதி, மிச்ச நாட்களையும் அவள் அந்தக் கதிரையில் கழித்திருக்கிறாள். அவர் குசினியில் நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

நிஸாம் கண்ணாடியில் பார்த்தான். “டீச்சர்ட எழுத்தா சேர்? அச்சடிச்ச மாதிரி ஈக்கி.”

“ஓம், நிஸாம்.”

“என்ட மகளுக்கு இப்படி எழுத வராது. கோழி கிண்டின மாதிரி.” பிறகு மறுபடியும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ஒரு மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினான். “மழைக்குக் கண்ணாடி தெரியல்ல. கொஞ்சம் நிப்பாட்டிட்டுப் போவோம்.” மழை அப்போது விட்டிருந்தது. மாஸ்டர் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை அவன் இறங்கி நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் மேபல் முன் விறாந்தையில் உட்கார்ந்து போஞ்சி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னங்க, எங்க போயிட்டு வர்றீங்க?”

“பேராதனைக்கு. அங்க படிப்பிக்கிற ஒரு பிள்ளைகிட்ட அந்த எண்ணைக் காட்ட.”

“ஆ, அதுவா. என்ன சொன்னாங்க?”

“நிறைவெண் இல்ல மேபல். 22021 முதன்மை எண் இல்லையாம். பத்தொன்பதால வகுபடுது.”

அவள் போஞ்சியைக் கீழே வைத்தாள். “பத்தொன்பதா? யாரு பார்த்தது?”

மாஸ்டர் அவள் கண்களைப் பார்த்தார். அங்கே பயமில்லை, மறைப்பில்லை. வெறும் கேள்விதான் இருந்தது. அவள் கணக்குப் பார்த்த நான்கு நாளில் ஒரு நாளின் நினைவும் அங்கே மிச்சமில்லை.

“நான்தான்,” என்றார். அதே பொய் ஒரே நாளில் இரண்டாந்தரம். சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அதற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்பட முடியுமா என்று மட்டும் தெரியவில்லை.

“நல்லா இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பார்த்திருப்பேன்ல? முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த மனுஷன், பத்தொன்பதை விட்டுட்டு யுனிவசிட்டி வரைக்கும் போயிருக்கு. அந்தப் புள்ள என்ன நினைச்சிருக்கும்? இந்த வாத்தியாருகிட்டப் படிச்ச புள்ளைங்கள ஆண்டவர்தான் காப்பாத்தணும்னு நினைச்சிருக்கும்.”

“நினைச்சிருக்கும்.”

“என்ன ‘நினைச்சிருக்கும்’? சண்டைக்கு வராம சும்மா நிக்கிறீங்க.” அவள் எழுந்து வந்தாள். பக்கத்தில் நின்று அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள், குரல் தணிந்தது. “என்னங்க, இப்பெல்லாம் ஒங்களுக்கு ஞாபகம் சரியில்லையா?”

அவர் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். “கொஞ்சம் அப்படித்தான் மேபல்.”

அவர் உள்ளே போய் ஷிரோமிக்குப் போன் எடுத்தார். “அந்தக் கிளினிக்குக்கு ஒரு நாள் எடு,” என்றார். எண் என்னாயிற்று, பேராதனையில் என்ன சொன்னார்கள் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. போன மாதம் தந்தை பேசிய பெரிய பேச்சையும் நினைவுபடுத்தவில்லை. “வியாழக்கிழமை கிடைக்கும்பா. நான் புதன்கிழமையே வந்திர்றேன்,” என்று மட்டும் சொன்னாள். டொக்டர்கள் என்ன சொல்வார்கள் என்று மூவருக்குள் இருவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மருந்து இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மேபல் வாசலில் நின்றாள்.

“யாருக்கு கிளினிக்?”

“எனக்குத்தான்.”

“நினைச்சேன்.” அவள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக, போஞ்சி வாசத்தோடு இருந்தது. “பயப்படாதீங்க. எல்லாருக்கும் வர்றதுதான். நான் கூட வர்றேன், டொக்டர் கேக்கிறதுக்கெல்லாம் நான் பதில் சொல்றேன். நீங்க சும்மா பக்கத்தில இருந்தாப் போதும்.”

“சரி மேபல்.”

அவள் உள்ளே போனாள். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாஸ்டர் விறாந்தைக்கு வந்து, அவள் விட்டுப்போன போஞ்சியை ஆய்ந்தார். ஆய்ந்ததும் ஆயாததும் ஒரே சட்டியில் கலந்து கிடந்தன.

கொஞ்ச நேரத்தில் மேபல் நீலச் சேலை உடுத்து, தலை வாரி, கைப்பையோடு வந்து நின்றாள்.

“நீங்க இன்னும் வெளிக்கிடல்லையா? கெளம்புவோமா?”

அன்று திங்கட்கிழமை. மணி இரண்டரை. அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தில் தனக்காக இருந்த கவலையைப் பார்த்துவிட்டு, சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சப்பாத்தை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டடி ஒடுங்கிய ஒழுங்கை வழியாகத் தெருவுக்கு இறங்கி, பாலம் வரைக்கும் மெதுவாக நடந்தார்கள். வழி முழுக்க அவள்தான் அவருக்குப் பள்ளம் மேடு சொல்லிக்கொண்டு வந்தாள்.